அடிபடாத ஆயில் பேன்

காலையில ஆறே முக்காலு, மூணு தட்டு, செபஸ்டின்னு ஒரு பேரு. போதும் மச்சான், இந்தத் தெருவுல உங்க குரல் தெரியாத வூடு எது? வாசக்கேட்டு தொறந்துதான் கெடக்கு. நான் வண்டிக்கு அடியில கெடக்கேன். எந்திரிச்சு வந்து வாங்கன்னு சொல்லலன்னு கோவிச்சுக்காதீங்க, கை பூரா எண்ணெ. நீங்க அந்த வேப்பமரத்துப் பக்கமே நில்லுங்க. வேட்டி புதுசாட்டம் இருக்கு, கிட்ட வராதீங்க.

ஆமா, ஆயில்தான் மாத்துறேன். என்ன அப்படி ஒரு சிரிப்பு? ஓ. வண்டிய ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி சுத்தமாப் பண்ணிக் குடுக்கிறேன்னு நெனச்சுட்டீங்க. நல்ல மனசு உங்களுக்கு. எல்லாரும் உங்களுக்காகத்தான் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிக்கிறாங்க.

தெரியும், உங்க வூட்டு அக்கா சொல்லிட்டாங்க. போன வாரம் பள்ளிக்கூடத்து வாசலுக்கே வந்து நின்னாங்க. மவ ஷைனிக்குப் பேசி முடிச்சாச்சு, மாப்ள வரதராசன்பேட்டை, அவங்க வூட்டுல ஒரு காரு இருந்தா நல்லாருக்கும்னு ஆசப்பட்டாங்க, உங்க மச்சானும் நம்ம வூட்டுலயே ஒண்ணு சும்மா நிக்கிதுன்னு வாக்கு குடுத்துட்டாருன்னாங்க. சும்மா நிக்கிதாம். கீழப்பழுவூர் பள்ளிக்கூடத்துக்கு நாலு டீச்சருங்க தெனம் இதுலதான் போயிட்டு வரோம். நீங்க பாக்குறப்ப மட்டும் அது நின்னுக்கிட்டு இருக்கும்போல.

இன்னைக்கே வேணுமா? மாப்ள வூட்டுக்கு ஓட்டிட்டுப் போயி காட்டணும். அதான் இந்த வேட்டி. போன ஞாயித்துக்கிழமை கோயில்ல மொத ஓலை வாசிச்சப்ப நானும் பின்னாடி பெஞ்சுல இருந்தேன். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு பங்குச்சாமி கேட்டாரு. கல்யாணத்துக்கு எந்தத் தடையும் இல்ல, தங்கமான பொண்ணு. வண்டிக்கு ஓலை வாசிக்கிற வழக்கம் இல்லாமப் போச்சு.

ஐயோ, சாயாதீங்க. பானெட்டு மேல கைய வைக்காதீங்க. முன் சக்கரம் ரெண்டும் பலகை மேல ஏத்தியிருக்கேன். பின்னாடி சுண்ணாம்புக் கல்லு அண்ட குடுத்திருக்கேன், இருந்தாலும் ஆட்டாதீங்க. நான் உள்ள கெடக்கேன்னு ஒரு நெனப்பு இருக்கட்டும்.

என்ஜின் சூடா? தெரியும் மச்சான். அஞ்சு நிமிசம் ஓடவிட்டு அணைச்சு, கொஞ்சம் ஆறவிட்டுட்டுத்தான் படுத்தேன். மேல மூடியும் தொறந்தாச்சு. நீங்க சொல்லாட்டியும் போல்ட்டு எந்தப் பக்கம் திருகுனா கழலும்னு எனக்குத் தெரியும். சவூதியில பன்னெண்டு வருசம் பட்டறையில இருந்தவரு, வாய சும்மா வச்சுக்கிட்டு நிக்கிறது கஷ்டந்தான். ஆனா இன்னைக்கு நில்லுங்க. அங்கேருந்து வந்தப்ப ஒரு சிவப்பு டூல் பொட்டி கொண்டாந்தீங்களே. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா கோயில் வாசல்லயே கடையத் திறந்துடுவீங்க. எதுக்குடா மெக்கானிக்கு, அண்ணன் இருக்கேன்ல, வண்டிய வூட்டுக்குக் கொண்டாம்பீங்க. அந்தப் பொட்டி எங்க? மூணு வருசமா வெளிய வரவே இல்ல. நல்லதம்பியண்ணன் டிராக்டருக்கு ஒரு ஸ்பானர் கேட்டதுக்குக்கூடத் தொலைஞ்சு போச்சுன்னீங்களாம்.

சரி, வுடுங்க. இதோ கழண்டுருச்சு. பாத்தீங்களா, தார் மாதிரி எறங்குது. நல்லதம்பியண்ணன் இந்தப் பழைய எண்ணெயக் கேட்டு வச்சிருக்காரு. ஆட்டுக் கொட்டாய் காலுல கரையான் ஏறுதாம், பூசணும்னாரு. கழிவுக்கும் ஒரு வேலை இருக்கு பாருங்க.

என்ன சொன்னீங்க, சத்தமாச் சொல்லுங்க. அடியில சரியாக் கேக்கல.

தம்பி வண்டி. ம். தம்பி சம்பாத்தியம், தம்பி பேரு, தம்பி போயிட்டதால அம்மாவுக்கும் அதுல பாத்தியம். அம்மா உங்க வூட்டுல இருக்குறதால அது உங்க வூட்டு வண்டி. கணக்கு நல்லாருக்கு. உங்க தம்பி லியோ பிரபுவுக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி, ஷாலினி மேரின்னு ஒரு மவ, அந்தக் கணக்குல எங்கயும் வரல. வண்டிய என் பேருக்கு மாத்த அத்தை ஒரு கையெழுத்து போடணும்னு மூணு வருசமா நடையா நடந்தேன். ஒரு நாள் அம்மாவுக்குக் காச்சலும்பீங்க. இன்னொரு நாள் அம்மா கல்லங்குறிச்சிப் பக்கம் கல்யாணத்துக்குப் போயிருக்காங்கம்பீங்க. ஒரு தடவ அவங்க உள்ள இருமிக்கிட்டு இருக்காங்க, நீங்க வாசல்ல நின்னு ஊருல இல்லங்குறீங்க.

அடுத்தது என்ன சொல்லுவீங்கன்னும் தெரியும். நீங்களே சொல்லுங்க, உங்க வாயால கேக்கணும்.

ம்ம். அதேதான். வண்டிய வச்சுக்கத் தெரியாதவகிட்ட வண்டி எதுக்கு.

அந்தக் கதைய இன்னொரு தடவ சொல்லுங்களேன். நான் நேராக் கேட்டதே இல்ல, அடுத்தவங்க சொல்லித்தான் கேட்டிருக்கேன். சொல்ல மாட்டீங்களா? அப்ப நானே சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. புருசனுக்கு நெஞ்சு வலின்னு தூக்கிப் போட்டுக்கிட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்கு இந்த விண்ணரசி வண்டிய எடுத்தா. பதட்டத்துல திருமானூர் தாண்டி வேகத்தடையப் பாக்காம ஏத்தி எறக்குனா. அடியில ஆயில் பேன் அடிபட்டு ஒடஞ்சிருச்சு. எண்ணெ பூரா ரோட்டுல கொட்டிருச்சு. ஆயில் இல்லன்னு சிவப்பு லைட்டு எரிஞ்சதக்கூடப் பாக்காம ஓட்டி என்ஜின இறுகிப் பிடிக்க வச்சா. பழுவூருக்கு முன்னாடி வண்டி நின்னுருச்சு, என் தம்பி போயிட்டான். பொம்பளகிட்ட சாவியக் குடுத்தா இதான். சரியா? கடைசி வரியில மட்டும் துண்ட எடுத்து கண்ணத் தொடைப்பீங்களாம். இங்க யாரும் பாக்கல, அதனால வேணாம்.

இந்தக் கதை எங்கெல்லாம் போச்சு தெரியுமா. ஷாலினி ஆறாவது படிக்கிறப்ப கூடப் படிக்கிற புள்ள கேட்டுருக்கு, உங்கம்மாதானே உங்கப்பா வண்டிய ஒடச்சாங்கன்னு. வூட்டுக்கு வந்து என்கிட்ட ஒண்ணும் கேக்கல. அடுத்த நாள்லேர்ந்து வண்டியில ஏற மாட்டேன்னுருச்சு. ஒரு வருசம் பஸ்ஸுலதான் போச்சு. நான் முன்னாடி வண்டியில போறேன், என் புள்ள பின்னாடி பஸ்ஸுல வருது.

கொஞ்சம் குனியுங்க மச்சான்.

வேட்டி அழுக்காவாது, ஒரு கையால தூக்கிப் புடிங்க. இங்க பாருங்க, நான் டார்ச்சு அடிக்கிறேன். எண்ணெ தேங்கி நிக்கிற இந்தத் தட்டுதான் ஆயில் பேன். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. இது கம்பெனியில வந்தப்ப இருந்த அதே பேன். இதுல எங்க அடி இருக்கு காட்டுங்க. ஒட்டு வச்சிருக்கா? நசுங்கியிருக்கா? வேகத்தடையில அடிபட்டு ஒடஞ்சதுன்னா ஒரு கீறலாச்சும் வேணும்ல. கையால தடவிக்கூடப் பாருங்க.

குனிய மாட்டீங்க. சரி. முட்டி வலின்னா நாற்காலி போடச் சொல்றேன்.

அன்னைக்கு நடந்தத நான் சொல்றேன். அதுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை நீங்கதான் இதே எடத்துல இந்த வண்டிக்கு ஆயிலும் ஃபில்டரும் மாத்துனீங்க. மறந்துருக்காது. மதியம் கறிக்கொழம்பு வச்சேன். நீங்க பாதி வேலையில எந்திரிச்சு வந்து சாப்புட்டுட்டு, கொஞ்சம் சாய்ஞ்சுட்டு, சாயங்காலம் வந்து மிச்சத்த மாட்டுனீங்க. அவரு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. எங்க அண்ணன் கை பட்டா பத்து வருசத்துக்கு வண்டிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு என்கிட்ட வந்து சொன்னாரு. அவரு சொன்னது அப்படியே காதுல இருக்கு.

புதங்கிழமை காலையில வலி வந்துச்சு. நான்தான் ஓட்டுனேன். வேகத்தடை ஒவ்வொண்ணுலயும் மெதுவாத்தான் எறக்குனேன், அவரால குலுக்கல் தாங்க முடியல. லைட்டு எரிஞ்சத நான் பாக்கலன்னு யாரு சொன்னா? பாத்தேன். பக்கத்துல புருசன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு இருக்காரு, ஆஸ்பத்திரி இன்னும் பத்து மைலு. நீங்களா இருந்தா வண்டிய ஓரங்கட்டி பானெட்டத் தொறந்து ஆராய்ச்சி பண்ணியிருப்பீங்க. நான் மிதிச்சேன். கடகடன்னு ஒரு சத்தம், அப்புறம் அப்படியே கட்டையாட்டம் நின்னுருச்சு. சுண்ணாம்பு லாரிங்க வரிசையாப் போகுது, கைய ஆட்டுறேன், எவனும் நிறுத்தல. ஒருத்தன் நிறுத்துனான். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி படுக்க வச்சுக் கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கறப்ப முடிஞ்சிருச்சு.

இருங்க, எங்க கெளம்புறீங்க. சாவி வேணும்னீங்களே, அது என் இடுப்புலதான் இருக்கு. வேலை முடியட்டும். இனிமேதான் ஃபில்டர கழட்டணும், நீங்க பாக்க வேண்டியதே அதுதான்.

இது கையால வராது, போன தடவ நான் கொஞ்சம் இறுக்கிட்டேன் போல. சைக்கிள் டியூபக் கிழிச்சு வச்சிருக்கேன், சுத்திப் புடிச்சு இழுத்தா வந்துரும். ம். வருது. வந்துருச்சு.

இப்ப பாருங்க, இந்தப் பழைய ஃபில்டர் வாயில ஒரு ரப்பர் வளையம் இருக்கா? இருக்கு. கறுப்பா, தட்டையா. இது கூடவே வந்துரணும். சில சமயம் சூட்டுல என்ஜினோட ஒட்டிக்கிட்டு அங்கேயே நின்னுரும். ஃபில்டர் மட்டும் கையோட வரும். அதனால ஒவ்வொரு தடவயும் என்ஜின் பக்கம் விரல வச்சு ஒரு சுத்து தடவிப் பாக்கணும். இதோ நான் தடவுறேன் பாருங்க. ஒண்ணுமில்ல, வழவழன்னு இருக்கு. அவ்வளவுதான், ஒரு விரலு, ஒரு சுத்து. சாப்புடக் கூப்புட்டாலும் பண்ணிட்டுப் போகலாம்.

ஏன் மூஞ்சி இப்படிப் போவுது. வெயில் இன்னும் வரலயே.

நான் ஏன் மூணு வருசமா வண்டிய எந்தப் பட்டறையிலயும் வுடாம நானே அடியில படுக்கிறேன்னு ஊரே கேட்டுச்சு. கஞ்சம்னாங்க. ஆம்பள இல்லாத திமிருன்னாங்க. அந்த ரெண்டாவது பட்டம் உங்க வூட்டுலேர்ந்து வந்ததுன்னு தெரியும். 

வண்டிய என் கூடப்பொறந்த அண்ணன் பெரம்பலூருக்கு இழுத்துட்டுப் போயி அவருக்குத் தெரிஞ்ச பட்டறையில போட்டாரு. என்ஜினப் பிரிச்சுப் பாத்த மணிவேலுங்கறவரு என்னைய வரச்சொன்னாரு. அடக்கம் முடிஞ்சு பத்து நாளுகூட ஆகல. ஒண்ணும் விளக்கமாப் பேசல. என் உள்ளங்கையில ரெண்டு ரப்பர் வளையத்த வச்சாரு. ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு பசையாட்டம் ஒட்டியிருந்துச்சு. கடைசியா ஆயில் மாத்துனது யாரும்மான்னு மட்டும் கேட்டாரு. வூட்டு ஆளுதான்னேன். அவரு அதுக்கு மேல கேக்கல. பழைய வளையம் ஒட்டிக்கிட்டு இருக்கு, அது மேலயே நீங்க புது ஃபில்டர வச்சுத் திருகிட்டீங்க. ரெண்டு நாளு தாங்குச்சு. மூணாவது நாளு ஓட்டத்துல பிதுங்கி, எண்ணெ மொத்தத்தையும் அந்த வழியாக் கக்கிருச்சு.

தெரியாம நடந்ததா. ஆமா, மாட்டுனது தெரியாமத்தான். அத நான் எந்தக் கோயில்ல வேணாலும் வந்து சொல்லுவேன். யாருக்கும் நடக்கும். சீக்கிரமாப் போயிருந்தா பொழச்சிருப்பாரான்னு டாக்டரக் கேட்டேன், சொல்ல முடியாதும்மான்னாரு. அதனால நீங்க கொன்னீங்கன்னு நான் சொல்லல. இன்னைக்கும் சொல்லல.

உங்க கையப் பத்தித்தான் சொல்றேன்.

அடக்கத்தன்னைக்கு, சவப்பொட்டிய எடுக்கறதுக்கு முன்னாடி, நீங்க ஒரு மணி நேரம் காணோம். எல்லாரும் தேடுனாங்க. பக்கத்து வூட்டு சரத்குமாரு பைக்குல போயிருக்கீங்கன்னு யாரோ சொன்னாங்க. வந்தீங்க. கல்லறையில மொதப் பிடி மண்ணு நீங்கதான் போட்டீங்க. நான் எதிர்ல நிக்கிறேன். உங்க விரலு இடுக்கு பூரா கறுப்பு. நகத்துக்கு அடியில கறுப்பு. அத்தையும் பாத்தாங்க. கையில என்னடான்னாங்க. பைக்குல செயின் கழண்டுருச்சும்மா, மாட்டுனேன்னீங்க. அந்த பைக்குக்கு செயின மூடி கவரு இருக்கு மச்சான். கையே போவாது.

பழுவூர் ரோட்டோரம் நின்ன வண்டிக்கு அடியில போயிருக்கீங்க. எண்ணெ எங்கேருந்து வழியுதுன்னு பாத்திருக்கீங்க. பேன்லேர்ந்து இல்ல, ஃபில்டர்லேர்ந்துன்னு பன்னெண்டு வருசம் பட்டறையில இருந்த ஆளுக்கு ஒரே பார்வையில தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுக்கிட்டு வந்து, அதே கையால தம்பிக்கு மண்ணு போட்டுட்டு, கருமாதிப் பூசை முடியறதுக்குள்ள வேகத்தடைக் கதைய ஆரம்பிச்சீங்க. தப்பு மாட்டுனது ஞாயித்துக்கிழமை. அது போவட்டும். வேகத்தடை போட்டது நீங்க.

ஏன் அப்பவே சொல்லலயா. யாருகிட்ட? தாலி எறக்குன ஈரம் காயல, அதுக்குள்ள மூத்தாரு மேல பழி போடுறா பாருன்னு நீங்களே நாலு பேரக் கூட்டியிருப்பீங்க. ரப்பர் வளையத்தப் பாத்து நம்புற ஊரா இது? கண்ணத் தொடைக்கிற ஆம்பளைய நம்புற ஊரு. ரெண்டையும் செபமாலை டப்பாவுல போட்டு டேஷ்போர்டுல வச்சேன். வண்டி எடுக்கறப்பல்லாம் ஒரு தடவ அந்த டப்பாவத் தொட்டுட்டுத்தான் எடுப்பேன். கூட வர டீச்சருங்க நான் ரொம்பப் பக்தின்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க.

இருங்க, இந்தப் புது ஃபில்டர் வளையத்துல ஒரு சொட்டு புது எண்ணெ தடவிக்கிறேன். வறண்டுபோயி மாட்டுனா அடுத்த தடவ ஒட்டிக்கும். இப்ப கையாலயே திருகணும். அவ்வளவுதான். ஸ்பானர் போடக்கூடாது. போல்ட்டும் போட்டாச்சு. இனிமே மேலேர்ந்து ஊத்தணும். நகருங்க, நான் வெளிய வரேன்.

அந்தப் புனல எடுங்க. வேணாம், வேணாம், நீங்க தொடாதீங்க, நானே எடுத்துக்கிறேன்.

என்ன, மாப்ள வூட்டுலேர்ந்து ஃபோனா? எடுத்துப் பேசுங்க. எடுக்க மாட்டீங்களா. ஷைனி நேரா வந்து சித்தி, வண்டி வேணும்னு கேட்டிருந்தா கல்யாணத்தன்னைக்கு நானே ஓட்டிட்டுப் போயி கோயில் வாசல்ல எறக்கியிருப்பேன். இப்பவும் எறக்குவேன், அது புள்ள என்ன பண்ணும். ஆனா வண்டிய வச்சு நீங்க ஒருத்தருக்குக் குடுத்த வாக்கு, நீங்க குடுத்ததுதான். நான் குடுக்கல.

அடடா, இப்பத்தான் உங்க குரல் வருது. அம்மா கையெழுத்து போட மாட்டாங்க. அம்மா கையெழுத்து இல்லாம வண்டி பேரு மாறாது. அது வரைக்கும் செத்தவன் பேர்லயே ஓட்டு, ஒரு நாளு போலீசு புடிக்கட்டும்ங்கறீங்க. வேற ஏதாவது இருக்கா? இல்லன்னா கேளுங்க.

ஏப்ரல் மாசம் அவரு நினைவுப் பூசைக்கு அத்தைய நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க. பூசை முடிஞ்சு நீங்க வாசல்ல பேசிக்கிட்டு இருந்தீங்க. வெயிலு தாங்கலன்னு அத்தை வந்து என் வண்டியில ஒக்காந்தாங்க. சும்மா இருக்க நேரத்துல ஒரு செபமால சொல்லலாம்னு டேஷ்போர்டத் தொறந்து டப்பாவ எடுத்தாங்க. இது என்னடி ரப்பருன்னாங்க. சொன்னேன். அழல, கத்தல. ரெண்டு வளையத்தையும் ரொம்ப நேரம் கையில வச்சிருந்தாங்க. அன்னைக்கு அவன் நகத்துல இருந்தது வண்டிக் கறுப்புதானாடின்னு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அப்புறம் ஆபீசுக்கு என்னைக்குடி போவணும்னாங்க.

மூணு லிட்டரு ஊத்தியாச்சு. குச்சியப் பாத்துக்கிறேன். சரியா இருக்கு. வண்டிய ஸ்டார்ட் பண்றேன், அந்தச் சிவப்பு லைட்டப் பாருங்க. எரியும், ஒடனே அணையணும். அணைஞ்சிருச்சு. கீழயும் ஒரு சொட்டு இல்ல.

மே மாசம் பதிமூணாந்தேதி, செவ்வாக்கிழமை, ஏலாக்குறிச்சி கோயிலுக்குப் போயிட்டு வரேன்னு உங்க அம்மா உங்ககிட்ட சொல்லிட்டு பஸ் ஏறுனாங்கல்ல, அன்னைக்கு அவங்க கோயிலுக்குப் போவல. அரியலூர் ஆர்டிஓ ஆபீஸ்ல கையெழுத்து போட்டாங்க. வண்டி என் பேர்ல இருக்கு.